அறுந்துபோகும் நூலும் கூடு கட்டும் பறவைகளும்

கேள்வி: கிராமத்தில் குடியேறிய பின் எனக்கு வந்திருக்கும் முதல் இளவேனில் இது. பக்கத்துப் பண்ணையில் செம்மறி ஆடுகளுக்கு மயிர் கத்தரித்தபோது, ஓர் ஆட்டின் கம்பளி முழுவதையும் எனக்குக் கொடுத்தார்கள். தக்களியில் நூற்றால் நூல் அடிக்கடி அறுந்துவிடுகிறது. அறுந்த துண்டுகளைப் பறவைகள் கூடு கட்ட எடுத்துக்கொள்ளட்டும் என்று உயிர்வேலியில் தொங்கவிடுகிறேன். என் பிழை எங்கே இருக்கிறது?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த நூல் துண்டுகளை இன்றே வேலியிலிருந்து எடுத்துவிடுங்கள். முறுக்கேறிய நீள நூல் கூட்டுக்குள் போனால் குஞ்சுகளின் காலில் சுற்றி இறுகி, இரத்த ஓட்டத்தையே தடுத்துவிடும். பூச்சிமருந்து படாத, நூற்காத கம்பளியை ஓர் அங்குலத்துக்கும் குறைவான நீளத்தில் நறுக்கிச் சிறு கொத்தாக வையுங்கள். பறவைகளுக்கு அதுவே போதும்.

நூல் அறுவதற்குக் கையைக் குறை சொல்லும் முன் கம்பளியைச் சோதித்துப் பாருங்கள். ஒரு சிறு கற்றையின் இரு முனைகளையும் பிடித்துக் காதருகே வைத்துச் சட்டென்று இழுங்கள். நொறுங்குவதுபோலச் சத்தம் கேட்டால், ஆடு நோயுற்றோ தீனி குறைந்தோ இருந்த காலத்தில் வளர்ந்த பகுதி நலிந்திருக்கிறது என்று பொருள், அதை எத்தனை கவனமாக நூற்றாலும் பயனில்லை. கற்றை உறுதியாக இருந்தால், நூற்கும்போது கைகளுக்கு இடையிலான தூரத்தைக் கவனியுங்கள். அந்த இடைவெளி இழையின் நீளத்தைவிடக் குறைவாக இருந்தால் ஒரே இழையின் இரு முனைகளையும் நீங்களே பிடித்துக்கொண்டிருப்பீர்கள், இழைகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கி நீளாது. நூல் மெலிந்து மெல்லப் பிரிந்து போனால் முறுக்குப் போதவில்லை. தக்களி நின்று எதிர்ப்புறம் சுழலத் தொடங்கும் அந்த நொடியில்தான் பெரும்பாலும் முறுக்கு அவிழ்கிறது, ஆகவே அதற்கு முன்பே அதை நிறுத்திவிடுங்கள்.

நீங்கள் கம்பளியைத் துவைத்தீர்களா என்று எழுதவில்லை. ஆட்டின் தோலிலிருந்து வரும் கொழுப்பு அதிகம் தங்கியிருந்தால் இழைகள் பிசுபிசுத்து ஒட்டிக்கொள்ளும். சுமார் 60 டிகிரி செல்சியஸ் சூட்டில் சோப்பு நீரில் ஊறவிட்டு, நீர் ஆறுவதற்குள் எடுத்து, அதே சூடுள்ள நல்ல நீரில் அலசுங்கள். ஆறவிட்டால் கரைந்த கொழுப்பு மீண்டும் இழையில் படிந்துவிடும். கசக்க மட்டும் கூடாது. இழைகளின் மேலுள்ள நுண்செதில்கள் வெந்நீரில் உராய்ந்தால் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு கம்பளி கெட்டியாகிவிடும், பிறகு அதைப் பிரிக்கவே முடியாது.

வயிற்றுப் பகுதியிலும் வாலருகிலும் உள்ள அழுக்குக் கம்பளியைத் தூக்கி எறியாமல், செடிகளின் அடியில் மூடாக்காகப் பரப்பி, மேலே மண்ணோ சருகோ போட்டு மூடுங்கள். ஈரத்தைக் காப்பதோடு, மெல்ல மட்கித் தழைச்சத்தையும் தரும். உயிர்வேலியில் கூடுகள் இருக்குமானால், குஞ்சுகள் பறந்துபோகும் வரை அதைக் கத்தரிக்க வேண்டாம்.