டார்மோகாய்ஃப் ஏன் சாகவில்லை?

வாசகர் கேள்விகள்: கார்டு ஆட்டங்கள்

கேள்வி: மேஜிக் கார்டு ஆட்டத்தில் என் நண்பனுடைய டார்மோகாய்ஃப் என்ற கிரியேச்சர் 2/3 ஆக, அதாவது அடிக்கும் பலமான பவர் இரண்டும் தாங்கும் பலமான டஃப்னஸ் மூன்றுமாக, நின்றது. மூன்று டேமேஜ் தரும் லைட்னிங் போல்ட்டை அதன்மேல் போட்டேன். தடுக்க அவனிடம் எதுவும் இல்லை. ஆனாலும் 'இது சாகாது' என்று சிரிக்கிறான். ஏமாற்றுகிறானா?

பதில்: ஏமாற்றவில்லை. சிரித்ததுதான் தப்பு.

நான் சின்னப் போட்டிகளில் பல வருடங்களாக ஜட்ஜாக உட்காருகிறவன். தவறாகச் சொன்ன தீர்ப்புகளை எழுதி வைக்க ஒரு நோட்டு வைத்திருக்கிறேன். அதன் முதல் பக்கமே உங்கள் கேள்விதான். 'டேமேஜ் மூன்று, டஃப்னஸ் மூன்று, செத்தது' என்று கார்டைப் படிக்காமலேயே சொல்லிவிட்டேன். அந்தப் பையன் ஒன்றும் பேசாமல் கார்டை எடுத்து, செத்த கார்டும் ஆடி முடித்த கார்டும் போகும் கிரேவ்யார்டில் வைத்தான். ஆட்டம் முடிந்த பிறகு விதிப்புத்தகத்தை என் முன்னால் திறந்து வைத்துவிட்டுப் போனான்.

எல்லா கிரேவ்யார்டுகளையும் சேர்த்து எத்தனை வகைக் கார்டுகள் கிடக்கின்றனவோ, அதுதான் டார்மோகாய்ஃபின் பவர். அதோடு ஒன்று கூட்டினால் டஃப்னஸ். 2/3 என்றால் இரண்டு வகை கிடக்கிறது; உங்கள் ஆட்டத்தில் லேண்டும் கிரியேச்சரும் என்று வைத்துக்கொள்வோம். போல்ட் மூன்று டேமேஜ் போடுகிறது. போட்ட கையோடு அதுவும் கிரேவ்யார்டுக்குப் போகிறது. யார் செத்தார், யார் பிழைத்தார் என்று ஆட்டம் கணக்குப் பார்ப்பது இதற்குப் பிறகுதான். அப்போது அங்கே இன்ஸ்டன்ட் என்ற மூன்றாவது வகையும் சேர்ந்துவிட்டது. டார்மோகாய்ஃப் 3/4. மூன்று அடி வாங்கியும் நிற்கிறது. கொல்ல வந்த கார்டே அதற்குச் சோறு போட்டுவிட்டது!

ஏற்கெனவே ஒரு இன்ஸ்டன்ட் கிடந்திருந்தால் வகை கூடியிருக்காது, செத்திருக்கும். இன்னொன்று: வாங்கிய டேமேஜ் அந்த டர்ன் முடியும்வரை அதன்மேல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதற்குள் யாராவது கிரேவ்யார்டைக் காலி செய்தால் டஃப்னஸ் இறங்கி, அப்போது சாகும். அடுத்த முறை போல்ட்டைக் கையில் எடுக்கும் முன் எத்தனை வகை என்று கேட்காதீர்கள், என்னென்ன வகை என்று கேளுங்கள்.

கேள்வி: யூ-கி-ஓவில் 'டைமிங் தவறிவிட்டது' என்று சொல்லி என் கார்டின் எஃபெக்டை விடவில்லை. கார்டில் தெளிவாக எழுதியிருக்கிறதே?

பதில்: எந்தக் கார்டு என்று நீங்கள் எழுதவில்லை. நான் பீட்டன் தி டார்க் க்ளவுனை எடுத்துக்கொள்கிறேன். கிரேவ்யார்டுக்கு அனுப்பப்படும்போது, விரும்பினால் அதை ஆட்டத்திலிருந்தே விலக்கி, இன்னொரு பீட்டனைக் களத்துக்குக் கொண்டுவரலாம். இதை ட்ரிப்யூட்டாக, அதாவது பலியாக, கொடுத்துப் பெரிய மான்ஸ்டர் ஒன்றை இறக்குகிறீர்கள். முதலில் பீட்டன் கிரேவ்யார்டுக்குப் போகிறது, பிறகு பெரியவர் வருகிறார். கடைசியாக நடந்தது பெரியவரின் வருகை. பீட்டன் போனது அதற்கு முந்தைய செய்தி. 'போது' என்று எழுதியிருந்தால் அந்தச் சம்பவமே கடைசிச் சம்பவமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் வாய்ப்புப் போச்சு.

தமிழில் சொன்னால் 'வந்தபோது' என்பதற்கும் 'வந்தால்' என்பதற்கும் உள்ள வித்தியாசம். ஆங்கிலக் கார்டில் 'வென்' என்று தொடங்கி 'யூ கேன்' என்று விருப்பத்துக்கு விட்டிருந்தால் டைமிங் தவறலாம். 'இஃப்' என்று தொடங்கினால் தவறாது. விருப்பம் என்ற பேச்சே இல்லாத கட்டாய எஃபெக்டும் தவறாது. 2011-லிருந்து, யூ-கி-ஓவை வெளியிடும் கோனாமி கார்டு வாசகங்களை ஒழுங்காக, ஒரே அச்சில் எழுதத் தொடங்கியது. அதன் பிறகு இதைக் கண்டுபிடிப்பது எளிதாகிவிட்டது. விதி எனக்குப் பிடிக்குமா என்று கேட்டால், பிடிக்காது. ஒரு சொல்லில் ஆட்டம் தோற்றவனுக்கு விளக்கம் சொல்ல வேண்டியவன் நான்தானே.

கேள்வி: முதல் டர்னிலேயே மேஜிக்கில் ஒருவரைத் தோற்கடித்ததாகப் பழைய ஆட்டக்காரர்கள் சொல்வது உண்மையா, அளப்பா?

பதில்: உண்மை. கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள், அதன் அழகே தனி. தேவை நான்கு கார்டுகள்: மவுன்டன், பிளாக் லோட்டஸ், சேனல், ஃபயர்பால். நான்குமே 1993-ல் ரிச்சர்ட் கார்ஃபீல்டின் ஆட்டம் வெளிவந்தபோதே இருந்தவை.

லோட்டஸை இறக்கச் செலவே கிடையாது. அதைப் பலி கொடுத்தால் மூன்று பச்சை மானா (மானாதான் கார்டு ஆடக் கொடுக்கும் விலை). அதில் இரண்டு சேனலுக்குப் போகிறது, மிச்சம் ஒன்று. சேனல் வந்துவிட்டால் ஒரு லைஃபுக்கு ஒரு மானா. உங்களிடம் இருபது லைஃப். பத்தொன்பதைக் கொடுத்துப் பத்தொன்பது மானா எடுக்கிறீர்கள். மிச்சமிருந்த பச்சையோடு இருபது. ஃபயர்பாலுக்கு வேண்டிய ஒரு சிவப்பு மவுன்டனிலிருந்து. அதற்கு மேல் எத்தனை மானா போடுகிறீர்களோ, ஃபயர்பால் அத்தனை டேமேஜ் தரும். இருபது டேமேஜ், எதிராளிக்கும் இருபது லைஃப். உங்களிடம் ஒரே ஒரு லைஃப், கையில் மூன்று கார்டு. ஒரு மானா கூட வீணாகவில்லை, ஒன்று கூடக் குறையவும் இல்லை. யாரோ உட்கார்ந்து திட்டம் போட்டதுபோல இருக்கும்.

ஆரம்ப விதியில் ஒரே கார்டை எத்தனை வேண்டுமானாலும் டெக்கில் வைக்கலாம் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான்கு என்ற வரம்பு பிறகு வந்தது. 1996-ல் ஃபோர்ஸ் ஆஃப் வில் என்ற நீலக் கார்டு வந்ததும் இந்த வீரத்துக்கு ஒரு பயமும் வந்தது. ஒரு மானாகூட இல்லாமல், ஒரு லைஃபும் கையிலிருந்து இன்னொரு நீலக் கார்டும் கொடுத்து எந்த ஸ்பெல்லையும் தடுக்கலாம். ஃபயர்பால் தடுக்கப்பட்டால், ஒரு லைஃபோடு மேஜையில் உட்கார்ந்திருப்பவர் நீங்கள்.

கேள்வி: இவ்வளவு பெரிய கம்பெனி, இவ்வளவு சோதனை. அப்படியும் உடைந்த காம்போக்கள் (ஆட்டத்தையே கெடுக்கும் கார்டுக் கூட்டணிகள்) எப்படி அச்சாகி வெளியே வருகின்றன?

பதில்: சோதிக்கிறவர்கள் கார்டை ஒவ்வொன்றாகப் பார்க்கிறார்கள், காம்போ இரண்டு கார்டுக்கு நடுவில் இருக்கிறது. சஹீலி ராய் கதையைச் சொல்கிறேன். 2016-ல் வந்த மேஜிக் கார்டு. அவளுடைய உயிர்க்கணக்கான லாயல்டியில் இரண்டைக் குறைத்து, உங்கள் கிரியேச்சர் ஒன்றின் நகலை அந்த டர்னுக்கு மட்டும் உருவாக்கலாம். அந்த நகல் வந்த உடனே தாக்கவும் செய்யும். நல்ல கார்டு, பயங்கரம் ஒன்றும் இல்லை. 2017 ஜனவரியில் அடுத்த செட்டில் ஃபெலிடார் கார்டியன் என்ற பூனை வந்தது. களத்தில் இறங்கும்போது உங்கள் வேறொரு பொருளை வெளியே அனுப்பித் திரும்பக் கொண்டுவரும். இதுவும் சாது.

இப்போது சேர்த்துப் படியுங்கள். சஹீலி பூனையை நகலெடுக்கிறாள். நகல் பூனை இறங்கும்போது சஹீலியை வெளியே அனுப்பித் திரும்ப அழைக்கிறது. திரும்பி வந்தவள் ஆட்டத்தின் கண்ணில் புது ஆள்: லாயல்டி முழுசாக இருக்கும், அந்த டர்னில் அவள் இன்னும் ஒன்றுமே செய்யவில்லை. மறுபடியும் நகல். மறுபடியும் பூனை. சஹீலிக்கு மூன்று மானா, பூனைக்கு நான்கு. நான்காவது டர்னில் பூனைகள் பெருவெள்ளமாக வந்து அடிக்கும். கார்டு அறிமுகமானதுமே ஆட்டக்காரர்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ஏப்ரல் 24-ல் தடை மாற்றம் இல்லை என்று அறிவித்த கம்பெனி, இரண்டே நாளில் பூனையைத் தடை செய்தது.

வேறொரு வகை உடைசலும் உண்டு, கணிதத்தில் தவறியது. ஸ்கல்க்ளாம்ப் என்ற ஆயுதம் அணிந்தவனுக்கு பவர் ஒன்று கூடும், டஃப்னஸ் ஒன்று குறையும். அணிந்தவன் செத்தால் உங்களுக்கு இரண்டு கார்டு. டஃப்னஸைக் குறைப்பது ஒரு குறை என்று நினைத்து வைத்திருக்கிறார்கள். டஃப்னஸ் ஒன்று உள்ள சின்னவனுக்கு மாட்டிவிட்டால்? ஒரே மானா செலவில் அவன் அங்கேயே சாவான், நீங்கள் இரண்டு கார்டு எடுப்பீர்கள். 2004 பிப்ரவரியில் வந்தது, ஜூனில் ஸ்டாண்டர்ட் என்ற போட்டி வகையிலிருந்து தடையாகிப் போனது.

கேள்வி: பூனை காம்போவில் 'முடிவில்லாத பூனை' என்று சொல்லலாமா?

பதில்: கூடாது. ஓர் எண்ணைச் சொல்ல வேண்டும். பத்து லட்சம் என்று சொல்லுங்கள், யாரும் எண்ணிக் காட்டச் சொல்ல மாட்டார்கள். இரண்டு பேரிடமும் முடிவில்லாத காம்போ இருந்தால் பின்னால் எண்ணைச் சொல்கிறவருக்கு வசதி.

ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடிந்தால்தான் இந்தச் சலுகை. டெக் கலைப்பு நடுவில் வந்து, 'எப்படியும் ஒருநாள் சரியான வரிசை விழும்' என்று நம்பி ஓடும் காம்போக்கள் உண்டு. அவற்றைக் குறுக்குவழியில் முடிக்க விட மாட்டோம், ஒவ்வொரு சுற்றாக ஆடிக் காட்ட வேண்டும். அப்படி ஆடினால் நேரத்தை இழுக்கிறீர்கள் என்று எச்சரிப்போம். நிகழ்தகவு படித்தவர்கள் என்னிடம் வந்து சண்டை போடுவார்கள். கணக்கு அவர்கள் பக்கம், கடிகாரம் என் பக்கம்.

நிறுத்தவே முடியாத சுழலும் உண்டு. ஒப்லிவியன் ரிங் என்ற கார்டு வந்ததும் வேறொரு பொருளை விரட்டியே ஆக வேண்டும். மேஜையில் லேண்டைத் தவிர வேறு பொருளே இல்லாதபோது அப்படி மூன்று வந்தால், ஒன்று இன்னொன்றை விரட்டும். விரட்டப்பட்டது, தான் விரட்டியதைத் திருப்பிக் கொடுக்கும். அது மற்றதை விரட்டும். எல்லாமே கட்டாயம், யாருக்கும் நிறுத்தும் உரிமை இல்லை. ஆட்டம் சமன். ஜெயிக்கும் நிலையில் இருந்தவர் மூன்றாவது ரிங்கைப் போட்டுவிட்டுத் தலையில் கை வைத்ததை நான் பார்த்திருக்கிறேன்.

கேள்வி: நீங்கள் அறிந்ததிலேயே மகா அநியாயமான காம்போ எது?

பதில்: யூ-கி-ஓவின் யாடா-கராசு. 200 அட்டாக் உள்ள ஒரு காக்கை. அது உங்களை அடித்தால் அடுத்த டர்னில் நீங்கள் கார்டு எடுக்க முடியாது. அவ்வளவுதான் அதன் வேலை. ஆனால் கேயாஸ் எம்பரர் டிராகனோடு சேர்த்துப் பாருங்கள். டிராகன் 1000 லைஃப் பாயின்ட் செலவில் இரண்டு பேரின் கையையும் களத்தையும் துடைத்து, போன கார்டு ஒவ்வொன்றுக்கும் 300 டேமேஜ் போடும். துடைக்கும்போது உங்கள் பக்கம் சங்கன் என்ற மான்ஸ்டர் நின்றிருந்தால், அது போகிற வழியில் டெக்கிலிருந்து காக்கையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகும். டிராகன் வந்தது ஸ்பெஷல் சம்மன், அதாவது தனி வழியில் இறங்கியது. அந்த டர்னின் சாதாரண சம்மன் இன்னும் மிச்சம். காக்கையை இறக்கி அடியுங்கள்.

எதிராளிக்குக் கை இல்லை, களம் இல்லை, கார்டு எடுக்கும் வழியும் இல்லை. காக்கை ஒவ்வொரு டர்னும் கைக்குத் திரும்பி, மறுபடி வந்து கொத்தும். 5000 லைஃப் மிச்சம் இருந்தால் 25 கொத்து. யாரும் அதுவரை உட்கார்ந்திருப்பதில்லை. 2004-ல் தடைப்பட்டியல் வந்தபோது டிராகனும் காக்கையும் அதில் சேர்ந்தே ஏறின.

கேள்வி: மொழிபெயர்ப்புப் பிழையால் ஒரு கார்டு தடையானதாமே?

பதில்: போக்கிமானின் ஸ்லோகிங், நியோ ஜெனிசிஸ் செட். எதிராளி ட்ரெய்னர் கார்டு (போக்கிமான் அல்லாத உதவிக் கார்டு) போடும்போதெல்லாம் காசு சுண்டலாம். தலை விழுந்தால் அந்தக் கார்டு பலிக்காமல் அவர் டெக்கின் மேலேயே போய் உட்காரும். ஜப்பானிய மூலத்தில் ஸ்லோகிங் முன்னணியில் நின்றால்தான் இது நடக்கும். ஆங்கிலத்தில் அந்த ஒரு நிபந்தனை விட்டுப்போனது. விளைவு, பின்வரிசையான பெஞ்சில் மூன்று ஸ்லோகிங் உட்கார்ந்தபடியே காசு சுண்டின. உங்கள் ட்ரெய்னர் தப்ப எட்டில் ஒரு வாய்ப்பு. தப்பாவிட்டால் அடுத்த டர்னில் அதே கார்டைத்தான் மறுபடி எடுப்பீர்கள்! கடைசியில் போட்டிகளில் கார்டையே தடை செய்தார்கள். மொழிபெயர்க்கிற நண்பர்கள் கவனிக்க.

கேள்வி: பிளாக் லோட்டஸ் ஆடலாம், லுர்ரஸ் ஆடக்கூடாது என்று 2020-ல் வின்டேஜ் என்ற மேஜிக் போட்டி வகையில் ஒரு விதி இருந்ததாமே. லோட்டஸைவிடவா லுர்ரஸ் பெரியது?

பதில்: பெரியதில்லை. வின்டேஜில் மிகப் பலமான கார்டுகளை ஒன்றே ஒன்று என்று கட்டுப்படுத்துவார்கள், லோட்டஸ் அப்படி ஒன்று. லுர்ரஸ் கம்பானியன் கார்டு, டெக்குக்கு வெளியே காத்திருந்து ஒவ்வொரு ஆட்டத்திலும் நிச்சயமாக வரும். ஒன்று என்று கட்டுப்படுத்தினால் என்ன, எப்போதுமே ஒன்றுதானே வேண்டும்? அதனால் முழுத் தடை. பிறகு கம்பானியனைக் கைக்குக் கொண்டுவரவே மூன்று மானா என்று விதி மாறியது, 2021-ல் லுர்ரஸுக்கு வின்டேஜில் விடுதலையும் கிடைத்தது.

கேள்வி: மேஜிக்கில் ஹியூமிலிட்டியும் ஓபலெசென்ஸும் ஒன்றாக இருந்தால் என்ன ஆகும்? எங்கள் குழுவில் மூன்று பேருக்கு மூன்று பதில்.

பதில்: மூன்றில் ஒன்றாவது சரியாக இருந்தால் பாராட்டுகள். என் நோட்டில் இதற்கு நான்கு பக்கம்.

ஹியூமிலிட்டி: எல்லா கிரியேச்சரும் திறன்களை இழந்து 1/1 ஆகும். ஓபலெசென்ஸ்: தன்னைத் தவிர மற்ற என்சான்ட்மென்ட்கள் (களத்தில் நின்று வேலை செய்யும் மந்திரங்கள்), வேறொன்றின்மேல் ஒட்டும் ஆரா நீங்கலாக, கிரியேச்சர் ஆகும், விலை எவ்வளவோ அவ்வளவு பவர், டஃப்னஸ். ஹியூமிலிட்டியும் ஒரு என்சான்ட்மென்ட்தான். ஆக அது கிரியேச்சர் ஆகி, தன் திறனைத் தானே இழக்கிறது. திறன் போனால் எதை வைத்துத் தன்னை இழக்க வைக்கிறது? இங்கேதான் எல்லோரும் சுற்றிச் சுற்றி வருவார்கள்.

ஆட்டம் இதை ஏழு லேயராக, அதாவது அடுக்காக, பிரித்துக்கொள்கிறது. நான்காவதில் வகை மாறும்: ஹியூமிலிட்டி கிரியேச்சர் ஆகிறது. ஆறாவதில் திறன்கள் போகும்: ஹியூமிலிட்டியின் திறனும் போகிறது. ஆனால் ஒரு லேயரில் வேலையைத் தொடங்கிய எஃபெக்ட், அதைப் பிறப்பித்த திறன் நடுவில் போனாலும், மிச்ச லேயர்களில் வேலையை முடித்துவிட்டுத்தான் ஓயும். ஏழாவதில் பவரும் டஃப்னஸும். அங்கே இரண்டு கார்டும் போட்டி போடும், பின்னால் வந்ததன் பேச்சே நிற்கும். ஹியூமிலிட்டி பின்னால் வந்திருந்தால் அது 1/1. ஓபலெசென்ஸ் பின்னால் வந்திருந்தால், ஹியூமிலிட்டியின் விலை நான்கு என்பதால் அது 4/4. இரண்டிலும் திறன்கள் எல்லோருக்கும் போனது போனதுதான்.

உங்கள் குழுவில் யாராவது இரண்டாவது ஓபலெசென்ஸ் வைத்திருந்தால், தயவுசெய்து அடுத்த இதழுக்கு எழுத வேண்டாம்.