பின்கதவின் ஒரு பக்கம் மட்டும் திறந்தால்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "செம்பனைக் குலை ஏற்றும் பிக்கப் எங்களுடையது. பின்கதவுக் கைப்பிடியை இழுத்தால் இடப்பக்கம் விடுகிறது, வலப்பக்கம் அசைய மாட்டேன் என்கிறது. பட்டறையில் கைப்பிடியை மாற்றிக் கொடுத்தார்கள். சில நாளில் மறுபடியும் அதே தொல்லை. முழுக் கதவையும் மாற்றத்தான் வேண்டுமா?"

வேண்டாம் ஐயா. இடப்பக்கம் ஒழுங்காக விடுகிறது என்றால் கைப்பிடியைச் சந்தேகிக்க அதிகக் காரணம் இல்லை. கோளாறு பெரும்பாலும் கைப்பிடிக்கும் வலப்பக்கப் பூட்டுக்கும் நடுவில்தான் இருக்கும்.

அகலமான கதவை நடுவில் ஒரே பூட்டு பிடித்தால் இரு ஓரமும் ஆடும். அதனால்தான் ஓரத்துக்கு ஒன்றாக இரண்டு பூட்டு. நடுக் கைப்பிடியின் பின்னால் ஒரு நெம்புகோல். அதிலிருந்து இரு பக்கமும் மெல்லிய கம்பிகள் ஓடுகின்றன. பூட்டுக்குள் சுழலும் ஒரு கவ்வி, சரக்கு ஏற்றும் தொட்டியின் பக்கத்தில் நிற்கும் முளையைக் கவ்விக்கொள்ளும். கவ்வி திரும்பாமல் ஒரு சிறு பல் தடுத்திருக்கும். கம்பி அந்தப் பல்லை விலக்கினால் கதவு விடும். இரண்டு பல்லும் ஒரே இழுப்பில் விலகவேண்டும். ஒரு கம்பி கொஞ்சம் தளர்ந்திருந்தாலும், கை இழுத்து முடித்த பிறகும் அந்தப் பக்கப் பல் பாதி வழியில்தான் நிற்கும்.

இப்போது மாட்டிக்கொண்டிருக்கும் கதவைத் திறக்க, குலைகள் அதன்மேல் சாய்ந்திருந்தால் பக்கவாட்டில் இறக்கிவிடுங்கள். பிறகு ஒருவர் வலது மூலையைத் தொட்டியை நோக்கி அழுத்திப் பிடிக்க, இன்னொருவர் கைப்பிடியை இழுக்கட்டும். பாரம் குறைந்தால் பல் எளிதாக விலகும். கடப்பாரை போட்டு நெம்பவே கூடாது; முளை வளைந்துவிட்டால் பிறகு எதுவும் நேராகப் பொருந்தாது. அப்படியும் வரவில்லையா? பல வண்டிகளில் கதவின் உள்மூடி தொட்டிப் பக்கம்தான் இருக்கிறது. கதவு மூடியிருக்கும்போதே திருகுகளைக் கழற்றி, கம்பியைக் கையால் இழுத்துவிடலாம். பிளாஸ்டிக் தொட்டி விரிப்பு போட்டிருந்தால் அதை முதலில் எடுக்கவேண்டும், அது ஒரு எரிச்சலான வேலை.

திறந்ததும் உள்ளே பாருங்கள். கம்பியின் முனையைப் பிடிக்கும் பிளாஸ்டிக் கிளிப் வெயிலில் வெடித்திருப்பது சகஜம். அது நன்றாக இருந்தால் இந்தச் சோதனையைச் செய்யுங்கள்: கதவு திறந்திருக்கும்போதே ஒரு ஸ்க்ரூடிரைவரால் இரண்டு கவ்விகளையும் மூடிய நிலைக்குத் தள்ளுங்கள். கைப்பிடியை மெதுவாக இழுங்கள். எந்தப் பக்கம் பிந்தி விடுகிறதோ, அந்தக் கம்பியில் திருகு அமைப்பு இருந்தால் தளர்வை எடுத்துவிடலாம். ஆனால் முழுக்க இறுக்கிவிடாதீர்கள், கொஞ்சம் தளர்வு மிச்சம் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் குழியில் குதிக்கும்போது கதவு தானே திறந்துகொள்ளும். கதவைச் சாத்துமுன் கைப்பிடியை இழுத்து இரு கவ்விகளையும் திறந்துவிட மறக்கவேண்டாம். மூடிய கவ்வி முளையில் மோதினால் பூட்டே உடையலாம்.

கம்பி சரியாக இருந்தும் கவ்வி மெதுவாகத் திரும்பினால் காரணம் அழுக்கு. தோட்டத்துச் செம்மண்ணும் குலைச் சக்கையும் உள்ளே போய்க் கெட்டியாகிவிடும். துரு நீக்கும் ஸ்ப்ரே அடித்துக் கழுவி, காய்ந்தபின் வெள்ளை லித்தியம் கிரீஸ் தடவுங்கள். நம் ஆட்கள் பழைய எஞ்சின் எண்ணெயைத்தான் ஊற்றுகிறார்கள். அதில் மண் இன்னும் நன்றாக ஒட்டும்.

இதற்குப் பிறகும் வலப்பக்கம் அடம்பிடித்தால் அந்தப் பூட்டு மட்டும் மாற்றினால் போதும். பழைய வண்டி உதிரிப்பாகம் விற்கும் ஹாஃப் கட் கடைக்குப் போகும்போது பழையதைக் கையோடு கொண்டுபோங்கள். இடது, வலது பூட்டுகள் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பம் போல இருக்கும்; அவசரத்தில் இடதைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.