ஹாம்பர்க்குக்கு சப்ளை செயின் ஆராய்ச்சிக்கு வரும் திருப்பூர்த் தம்பிக்கு

தம்பி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. கோவையில் எம்.இ. முடித்துவிட்டு, சப்ளை செயினில் ரிஸ்க்கும் சஸ்டெயினபிலிட்டியும் என்ற தலைப்பில் முனைவர் பட்டம் செய்ய அக்டோபரில் ஹாம்பர்க் வருகிறீர்கள். அங்கே உண்மையில் என்ன வேலை இருக்கும், ஜெர்மன் தெரியாமல் ஓட்ட முடியுமா, முடித்தபின் வேலை கிடைக்குமா என்று கேட்டிருந்தீர்கள். கடைசியில் போகிற போக்கில் இன்னொன்றும் எழுதியிருந்தீர்கள். பனியன் கம்பெனி வைத்திருக்கும் அப்பா, "நம்மளை நெருக்கறதுக்கு அவங்க போடற சட்டத்துக்கு நீ போய் ஆராய்ச்சி பண்ணப் போறியா" என்கிறாராம். எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் பட்டது. நானும் ஈரோட்டுப் பக்கம்தான். இதே துறையில் இங்கே பட்டம் வாங்கி, இப்போது ஒரு இறக்குமதி நிறுவனத்தில் சப்ளையர் ரிஸ்க் பார்க்கிறேன்.

ரிஸ்க்கையும் சஸ்டெயினபிலிட்டியையும் (சுற்றுச்சூழலையும் உழைப்பவர்களையும் கெடுக்காமல் தொழில் நடத்துவது) ஏன் ஒரே தலைப்பில் கட்டியிருக்கிறார்கள் என்று குழப்பமாக இருந்தால், வருவதற்கு முன் ரைன் நதியைப் பற்றிக் கொஞ்சம் படியுங்கள். நதிக்கரையில் காவுப் என்று ஒரு சின்ன ஊர். அங்கிருக்கும் நீர்மட்ட அளவீட்டைத்தான் வறட்சிக் காலத்தில் ரைன் கரை ரசாயன ஆலைகளெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும். 2018 அக்டோபரில் அது 25 செ.மீ.க்கு இறங்கியது. (அவ்வளவுதான் தண்ணீர் என்று அர்த்தமில்லை. கப்பல் போகும் பாதையின் ஆழம் அதைவிட ஒரு மீட்டருக்கு மேல் கூடுதல். இங்கே கூட்டங்களில் இதைத் தப்பாகச் சொன்னால் உடனே திருத்துவார்கள்.) சரக்குப் படகுகள் கொள்ளளவில் ஒரு பகுதியை மட்டும் ஏற்றிக்கொண்டு ஊர்ந்தன. லுட்விக்ஸ்ஹாஃபன் ஊரில் பி.ஏ.எஸ்.எஃப். என்ற பெரிய ரசாயன நிறுவனம் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது. அந்த வறட்சியால் அவர்களுக்குச் சுமார் 25 கோடி யூரோ அடி. அப்புறம் ஆழம் குறைந்த நீரில் ஓடுவதற்கென்றே அகலமான கப்பல் ஒன்றைக் கட்ட வைத்தார்கள். 2023இல் வந்த அந்தக் கப்பல், காவுப்பில் 30 செ.மீ. காட்டினாலும் 800 டன் சரக்கோடு போய்விடும்.

இதில் கவனிக்க வேண்டியது என்னவென்றால், சாலையைவிட நீர்வழியில் புகை குறைவு. வறட்சி வந்ததும் சரக்கு லாரிக்கும் ரயிலுக்கும் மாறுகிறது, லாரிக்கு மாறிய பங்குக்குப் புகை கூடுகிறது. ரிஸ்க்கைச் சமாளிக்கச் செய்வதே சஸ்டெயினபிலிட்டியைக் கெடுக்கிறது. 2023 நவம்பரில் செங்கடலில் கப்பல்கள் மீது தாக்குதல் தொடங்கியபோதும் இதே கதைதான். சூயஸை விட்டுவிட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால் கப்பலுக்கு ஆபத்து குறையும், எண்ணெய்ச் செலவும் புகையும் ஏறும். சரியாக 2024 ஜனவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியம் கப்பல் புகைக்கும் காசு வாங்க ஆரம்பித்தது. உங்கள் ஊர்ச் சரக்கு தூத்துக்குடியில் ஏறி, கொழும்பில் பெரிய கப்பலுக்கு மாறி இங்கே வருகிற பாதைதான் இது. அப்பாவிடம் கேளுங்கள், அந்த மாதங்களில் பையர்கள் ஷிப்மென்ட் தேதியை எப்படி முன்னால் இழுத்தார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கும்.

இனி வேலை. கணக்கு மாடல் போடும் குழுக்களும் உண்டு, ஆனால் உங்கள் தலைப்பில் பாதிக்கு மேல் ஆட்களிடம் பேசி வாங்குவதாகத்தான் இருக்கும். கொள்முதல் மேலாளர்களுக்குக் கேள்வித்தாள் அனுப்புவது, ஞாபகப்படுத்துவது, மறுபடி ஞாபகப்படுத்துவது, வந்ததை வைத்து மாடல் கட்டுவது. நம் ஊர் எம்.பி.ஏ. துறைகளில் நிறைய ஆய்வேடுகளில் தலைகாட்டும், கேள்வித்தாள் பதில்களை வைத்து எது எதைப் பாதிக்கிறது என்று அம்புக்குறிப் படமாகக் கணக்கிடும் ஸ்மார்ட்பிஎல்எஸ் மென்பொருளை உருவாக்கியவர்களில் ஒருவரான கிறிஸ்டியான் ரிங்லே, ஹார்பர்கில் இருக்கும் ஹாம்பர்க் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்துக்காரர்தான். அதனால் படத்தில் அம்புக்குறி போட்டு ஆளை அசத்திவிடலாம் என்று இங்கே நினைக்க வேண்டாம். எங்கிருந்து தரவு வந்தது, பதில் சொன்னவர் யார், அவருக்கு அது தெரியுமா என்றுதான் கேட்பார்கள்.

தரவு விஷயத்தில் யாரும் முன்கூட்டிச் சொல்லாத ஒன்று இருக்கிறது. நிறுவனங்கள் சப்ளையர் பட்டியலைக் காட்டுவதற்கு முன் ரகசிய ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கும். ஜெர்மனியிலோ முனைவர் ஆய்வேட்டை வெளியிட்டால்தான் பட்டமே கைக்கு வரும். இரண்டும் மோதும். எதை வெளியிடலாம், பெயரை மறைத்தால் போதுமா, யார் ஒப்புதல் தர வேண்டும் என்பதை முதல் சந்திப்பு முடிந்த வாரமே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். மூன்றாம் வருடத்தில் அந்த மேலாளர் வேறு கம்பெனிக்குப் போயிருப்பார்.

மொழிக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. துறைக்குள் ஆங்கிலம் போதும், கட்டுரையும் ஆங்கிலத்தில்தான். ஆனால் நடுத்தரக் குடும்ப நிறுவனத்தின் கொள்முதல்காரர் ஆங்கிலத்தில் பேசும்போது தன் கம்பெனி இணையதளத்தில் இருப்பதையே சொல்லுவார். ஜெர்மனில் பேசினால்தான் "அந்தக் கேள்வித்தாளை நாங்கள் படிப்பதே இல்லை" என்பது வெளியே வரும். வந்த நாளிலிருந்தே வகுப்புக்குப் போங்கள். பேட்டி எடுக்கும் அளவுக்கு வர இரண்டு வருடம் ஆகட்டும், பரவாயில்லை. குளிர், இருட்டு, மழை பற்றியெல்லாம் மற்றவர்கள் நிறையச் சொல்லியிருப்பார்கள். ஜாக்கெட்டை மட்டும் அங்கே வாங்காமல் இங்கே வந்து வாங்குங்கள்.

சரி, அப்பாவின் கேள்வி. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2021இல் நிறைவேறி, 2023 ஜனவரியில் 3,000 பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்கும், அடுத்த வருடம் 1,000 பேருக்கு மேல் உள்ளவற்றுக்கும் வந்தது. கொத்தடிமை, குழந்தைத் தொழிலாளர், வேலையிடப் பாதுகாப்பு இதையெல்லாம் நிறுவனம் தன் சப்ளையரிடம் கவனிக்க வேண்டும். முக்கியமான நுணுக்கம், தொடர்ந்து கவனிக்கும் கடமை நேரடி சப்ளையரோடு நின்றுவிடுகிறது. அதற்கும் பின்னால் இருப்பவர்களைப் பற்றி, ஏதோ தவறு நடக்கிறது என்று உறுதியான தகவல் வந்தால்தான் பார்க்க வேண்டும். இப்போது திருப்பூரை நினைத்துப் பாருங்கள். பையர் பார்ப்பது எக்ஸ்போர்ட் கம்பெனியின் தையல் தளத்தை. ஜாப் ஒர்க் யூனிட், சாயப்பட்டறை, திண்டுக்கல் பக்கத்து நூல் மில்லின் விடுதி எல்லாம் அடுத்த வரிசைகளில். பிரச்சினை எங்கே அதிகமோ அங்கே பார்வை மங்கல்.

நடைமுறையில் என்ன ஆகிறது என்பதை நான் தினமும் பார்க்கிறேன். கேள்வித்தாள் ஒன்று போகும். தீயணைப்புக் கருவி உண்டா, ஓவர்டைம் பதிவு உண்டா, ஆம், இல்லை. அதே கேள்வியை வேறு வரிசையில் இன்னொரு பையர் கேட்பார். தொழிலாளர் நிலையைப் பார்க்கும் ஆடிட்களில் பி.எஸ்.சி.ஐ. ஒருவருக்கு, ஸ்மெட்டா இன்னொருவருக்கு, ஆர்கானிக் துணி என்றால் காட்ஸ் சான்றிதழ் தனி. ஆடிட் செலவு பெரும்பாலும் உங்கள் அப்பா மாதிரி ஆட்களின் தலையில்தான் விழும். அதே பையரின் விலைப்பிரிவு அடுத்த சீசனுக்கு டீ ஷர்ட்டுக்குச் சில சென்ட் குறைக்கச் சொல்லியிருக்கும், இரண்டு பிரிவும் ஒரே மாடியில் உட்கார்ந்திருந்தாலும். சட்டத்தைக் கண்காணிக்கும் பாஃபா அலுவலகமே, கடமையை மொத்தமாக சப்ளையர் மீது தள்ளிவிடக் கூடாது என்று 2023இல் விளக்கக் குறிப்பு போட்டது. ஆக, அப்பாவின் கோபத்தில் நியாயம் இருக்கிறது.

ஆனால் முழு நியாயம் இல்லை. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், கழிவுநீரை ஒரு சொட்டும் வெளியே விடாத நிலை வரும்வரை திருப்பூர் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அது வெளிநாட்டுச் சட்டம் இல்லை. நொய்யல் கெட்டுப்போய், கீழே ஒரத்துப்பாளையம் அணையில் சாயத் தண்ணீர் தேங்கி, நிலம் பாழான விவசாயிகள் போட்ட வழக்கு. நூற்றுக்கணக்கான பட்டறை ஒரே உத்தரவில் நின்றன, துணி சாயத்துக்கு வெளியூர் போனது. சஸ்டெயினபிலிட்டியைத் தள்ளிப்போட்டால் அது ரிஸ்க்காகத் திரும்பி வரும் என்று இங்கே கட்டுரை கட்டுரையாக எழுதுகிறார்கள், உங்கள் ஊர் அதை அனுபவித்தே விட்டது. அதற்கப்புறம் வந்த பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களைப் பாருங்கள். ஆர்.ஓ. சவ்வு வடிகட்டல் முடிந்து மிஞ்சும் உப்புத் தண்ணீரைக் கொதிக்கவைத்து வற்றவைக்க நிறைய நீராவி வேண்டும், அதற்கு எரிபொருள். கடைசியில் கலப்பு உப்பு மூட்டை மூட்டையாகக் குவிகிறது. ஆறு தப்பித்தது, புகைக்கணக்கு ஏறியது. காவுப்பில் பார்த்த அதே முடிச்சு.

இங்கே நூலகத்தில் இருக்கும் ஆய்வுகளில் பெரும்பகுதி வாங்குபவர் பக்கம் உட்கார்ந்து எழுதியவை. சப்ளையர் ஒரு ரிஸ்க், அவ்வளவுதான். பையரே சப்ளையருக்கு எப்படி ரிஸ்க் ஆகிறார், பத்து ஆடிட்டில் எது தளத்தில் எதையாவது மாற்றியது, சாயப்பட்டறைச் செலவு எந்த விலையில் ஏறியது என்று கேட்பதற்கு செக்கிங் டேபிள் பக்கத்தில் நின்று வளர்ந்த ஆள் வேண்டும். தலைப்பை இறுதி செய்யும் முன் பேராசிரியரிடம் இதைப் பேசிப் பாருங்கள். என்னைக் கேட்டால் நீங்கள் இதைத்தான் எடுக்க வேண்டும்.

வேலை வாய்ப்பு நடுவாந்தரம். ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இதே விநியோகச் சங்கிலிக் கடமை பற்றிப் பெரிய சட்டம் ஒன்றை நிறைவேற்றி, 2025இல் அதைத் தள்ளிவைத்துச் சுருக்க ஆரம்பித்தது. அறிக்கை எழுதும் வேலையை நம்பி வருபவர்களுக்குக் கஷ்டம். கொள்முதல், சுங்கம், சரக்குப் போக்குவரத்து ரிஸ்க் தெரிந்தவர்களுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கிறது. இங்கே படித்து முடித்தவர்களுக்கு வேலை தேட 18 மாதம் தங்கும் அனுமதியும் உண்டு.

இன்னொன்று, இங்கே முனைவர் படிப்பு பெரும்பாலும் சம்பள வேலை. ஆனால் மேலாண்மைத் துறைகளில் அரைப் பதவி, முக்கால் பதவி என்றுதான் நிறையத் தருவார்கள். சம்பளம் அந்த விழுக்காட்டுக்கு, உழைப்பு முழுசாக. ஒப்பந்தமும் தவணைக் காலத்துக்குத்தான். உங்கள் கடிதத்தில் எத்தனை விழுக்காடு, எந்தத் தேதி வரை என்று பார்த்து எழுதுங்கள். வீட்டு வாடகையைப் பற்றி அதற்கப்புறம் பேசலாம்.