எம்.பி. இடம் காலியானால் ஆறு மாதத்துக்குள் இடைத்தேர்தல் வந்தே தீருமா?

கோவைப் புறநகரில் வசிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வென்று வருபவருக்கு முழு ஐந்தாண்டும் கிடைக்குமா என்பதையும் சேர்த்துக் கேட்டிருக்கிறார். அந்த இரண்டாவது கேள்விக்கு விடை எளிது: கிடைக்காது, முன்னவர் விட்டுச்சென்ற மிச்சக் காலம் மட்டுமே. முதல் கேள்விக்குப் பெரும்பாலும் ஆம் என்று சொல்லலாம் என்றாலும், அந்தப் ‘பெரும்பாலும்’ என்பதற்குள் நிறைய அடங்கியிருக்கிறது.

1951ஆம் ஆண்டின் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தில் 151ஏ என்ற பிரிவுதான் இந்த ஆறு மாதக் கெடுவை விதிக்கிறது. அதிலேயே இரண்டு விலக்குகளும் உண்டு. உறுப்பினரின் எஞ்சிய பதவிக்காலம் ஓராண்டுக்குக் குறைவாக இருந்தால் தேர்தல் தேவையில்லை. கெடுவுக்குள் நடத்துவது கடினம் என்று தேர்தல் ஆணையம் மத்திய அரசைக் கலந்துகொண்டு சான்றளித்தாலும் தேவையில்லை. பலரும் இந்தக் கெடு அரசியல் சட்டம் பிறந்த நாளிலிருந்தே இருப்பதாக நினைக்கிறார்கள். 1996இல் செய்த திருத்தத்தின் மூலமே அது வந்தது.

அதற்கு முன்பு எப்படி இருந்தது என்பதற்கு நம் ஊரே சாட்சி. 1971இல் கோவையில் வென்ற இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் கே. பாலதண்டாயுதம், 1973 மே 31 அன்று டெல்லிக்கு அருகே நடந்த விமான விபத்தில் இறந்தார். மத்திய அமைச்சர் மோகன் குமாரமங்கலமும் அதே விபத்தில்தான் மறைந்தார். கோவைக்கு இடைத்தேர்தல் வந்தது 1974 பிப்ரவரியில், அதாவது ஏறக்குறைய ஒன்பது மாதம் கழித்து. அதில் வென்ற பார்வதி கிருஷ்ணன், மோகன் குமாரமங்கலத்தின் சகோதரி. சிங்காநல்லூரில் மில் தொழிலாளியின் மகனாக வளர்ந்த எனக்கு அப்போது எட்டு வயது. சுண்ணாம்பு அடித்த லைன் வீட்டுச் சுவரில் காவி வண்ணத்தில் வரைந்த கதிர் அரிவாளும், அப்பா ஷிப்ட் முடிந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்து பேசிய பேச்சும் மட்டும் நினைவில் நிற்கின்றன. 1976 மார்ச்சில் முடிந்திருக்க வேண்டிய அந்த மக்களவையின் ஆயுளை நெருக்கடி நிலை நீட்டித்து, 1977 ஜனவரியில்தான் கலைத்தார்கள் என்பதால், ‘மிச்சக் காலத்துக்கு’ வந்தவருக்கு ஏறத்தாழ மூன்றாண்டுகள் கிடைத்தன என்பது வேடிக்கை.

முதல் விலக்குக்கும் கொங்கு நாட்டிலேயே உதாரணம் உண்டு. ஈரோடு எம்.பி. அ. கணேசமூர்த்தி 2024 மார்ச் 28 அன்று காலமானபோது பொதுத் தேர்தலுக்கு மூன்று வாரமே இருந்தது. அங்கே இடைத்தேர்தல் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது நியாயம்தான். எனக்கு உடன்பாடில்லாதது இரண்டாவது விலக்கு. புனே தொகுதியின் கிரீஷ் பாபட் 2023 மார்ச் 29 அன்று இறந்தபோது அவருக்கு ஓராண்டுக்கு மேலாகவே பதவிக்காலம் மிச்சமிருந்தது. ஆனாலும் பொதுத் தேர்தல் ஏற்பாடுகளில் மும்முரமாக இருப்பதாகக் காரணம் காட்டி ஆணையம் தேர்தல் நடத்தவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் மும்பை உயர் நீதிமன்றம் நடத்தச் சொல்லி உத்தரவிட்டது; அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்திவைத்தது; தொகுதி பொதுத் தேர்தல் வரை காலியாகவே கிடந்தது. தேர்தல் நடத்துவதே வேலையாக உள்ள ஓர் அமைப்பு, தேர்தல் வேலை இருப்பதால் தேர்தல் நடத்த முடியாது என்று சொல்வதை எப்படி ஏற்பது?

மனம் வைத்தால் எவ்வளவு விரைவாக நடத்தலாம் என்பதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். ஈரோடு கிழக்குச் சட்டமன்றத் தொகுதி உறுப்பினர் திருமகன் ஈவெரா 2023 ஜனவரி 4 அன்று மறைந்தார். பிப்ரவரி 27 அன்று வாக்குப்பதிவே முடிந்துவிட்டது. ஆசிரியரான நான் அன்று ஒரு சாவடியில் தலைமை அலுவலராக இருந்தேன். 77 வேட்பாளர்கள், நோட்டாவோடு 78. ஒரு பெட்டிக்குப் பதினாறு பொத்தான் என்பதால் ஐந்து பெட்டிகளை, பள்ளி மேசைகளைச் சேர்த்துப் போட்டு, அட்டை மறைப்புக்குள் வரிசையாக வைத்தோம். ஐந்தாவது பெட்டியில் கடைசி இரண்டு பொத்தான்களை மூடியிருந்தார்கள். ஒரு பாட்டி மறைப்புக்குள் போய் ஒரு கோடியிலிருந்து மறு கோடி வரை நடந்து பார்த்துவிட்டு, “ஏனுங்க சார், இதுல எந்தப் பொட்டீங்க?” என்று தலையை நீட்டினார். அங்கீகரிக்கப்பட்ட கட்சிகளின் சின்னங்கள் முதல் பெட்டியிலேயே வந்துவிடும் என்பது எனக்குத் தெரியும். சொல்லக் கூடாது என்பதும் தெரியும். “பொறுமையாப் பாருங்கம்மா, அவசரமில்லீங்க” என்றேன். பீப் ஒலி வர வெகுநேரம் ஆயிற்று. வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

சட்டமன்றத் தொகுதி சிறியது, மக்களவைத் தொகுதியில் அதைப் போல ஆறு அடங்கும் என்று யாரேனும் சொல்லலாம். கோவையையே எடுத்துக்கொண்டால் பல்லடம், சூலூர், கவுண்டம்பாளையம், சிங்காநல்லூர், கோவை வடக்கு, கோவை தெற்கு என்று விரிகிறது. செலவும் ஆளும் கூடுதல்தான். ஆனாலும் ஆறு மாதம் போதாது என்று சொல்லும் அளவுக்கு அது பெரிய வேலையல்ல.

இப்போதைய மக்களவை முதன்முதலில் கூடியது 2024 ஜூன் 24 அன்று. ஆகவே இதன் காலம் 2029 ஜூன் வரை. 2028 ஜூன் பிற்பகுதிக்கு முன்பு எந்த எம்.பி.யின் இடம் காலியானாலும் ஆறு மாதக் கெடு பொருந்தும். அதற்குப் பின்பு காலியானால் அந்தக் கெடு பொருந்தாது; அடுத்த பொதுத் தேர்தல் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம்.