வலைப்பூ ஏனுங்க நின்னு போச்சு?

2008-ல இருந்து வலைப்பூ எழுதுனவன். கொங்குப் பக்கம் முப்பது பேருக்காவது தளம் ஆரம்பிச்சும் குடுத்திருக்கறேன். அதுல இன்னைக்கும் எழுதறது ரெண்டே பேரு. ஏன்னு ஆளாளுக்குக் கேட்டதுக்குப் பதில் இது.

ஈரோடு, பள்ளி ஆசிரியை: ஐந்து வருடத்தில் 140 பதிவு எழுதினேன். 2013-க்குப் பிறகு ஒன்றுமில்லை. சோம்பேறித்தனம்தானே?

சோம்பேறி 140 எழுத மாட்டாங்க டீச்சர். அப்பெல்லாம் பதிவு போட்டதும் தமிழ்மணம் முகப்புல தலைப்பு வந்து நிக்கும். 2004-ல ஆரம்பிச்ச திரட்டி அது, பல வலைப்பூக்களோட புதுப் பதிவை ஒரே இடத்துல காட்டும். பத்து நிமிசத்துல ஒருத்தர் பின்னூட்டத்துல வந்து "மீ த ஃபர்ஸ்ட்டு"ம்பாரு, அடுத்து வந்தவரு "வடை போச்சே"ம்பாரு. படிச்சாங்களோ இல்லியோ, வாசல்ல ஆள் நடமாட்டம் இருந்துச்சு. பிடிச்ச தளங்களை ஒரே இடத்துல படிக்க இருந்த கூகுள் ரீடரை 2013 ஜூலை 1-ல மூடுனாங்க. அதுக்கு முன்னாடியே பாதிச் சனம் ஃபேஸ்புக்குக்குக் குடி போயாச்சு. ஆளில்லாத திண்ணையில யாருங்க உக்காந்து பேசுவா?

திருப்பூர், பனியன் கம்பெனி மேலாளர்: நேரம்தான் சார் இல்லை.

ஃபேஸ்புக்ல ஒரு நாளைக்கு நாலு தடவை எழுதறீங்களே, பாத்துட்டுத்தான இருக்கறேன். பதிவுன்னா தலைப்பு, படம், முடிவுன்னு இழுக்கும். எழுதற ஆசை நாலு வரியிலயே தீந்துபோகுது, அவ்வளவுதான்.

காங்கேயம் பக்கம், பெயர் வேண்டாம்: எங்கள் கிணற்றுப் பங்குச் சண்டையை நகைச்சுவையாக எழுதினேன். பெரியப்பா பையன் அச்செடுத்து வீட்டில் காட்டிவிட்டான். அதற்குப் பிறகு கை ஓடவில்லை.

நிறையப் பேரு வெளியில சொல்லாத காரணம் இதுதானுங்க. ஆரம்பத்துல படிச்சவங்க அமெரிக்காவுலயும் சிங்கப்பூர்லயும் இருந்தாங்க. புனைபேரு வெச்சுக்கிட்டா ஊருக்குள்ள ஒருத்தருக்கும் தெரியாது. செல்போன்ல நெட்டு வந்ததும் படிக்கறது பக்கத்துத் தோட்டத்துக்காரரு. நான் தளம் ஆரம்பிச்சுக் குடுத்த ஒரு தங்கச்சிக்குக் கல்யாணம் பேசறப்ப, மாப்பிள்ளை வீட்டுல தேடிப் படிச்சுப்போட்டு "பொண்ணு கொஞ்சம் வாய்த்துடுக்கோ?"ன்னாங்களாம். அன்னைக்கு ராத்திரியே மொத்தத்தையும் அழிச்சுப்போட்டா. அவ அம்மிச்சி வைக்கற அரிசிம்பருப்பு சாதத்தைப் பத்தி ஒரு பதிவு இருந்துச்சு. பூண்டைத் தோலோட தட்டிப் போடறது வரைக்கும் எழுதியிருப்பா. இப்ப அது எங்கயும் இல்லை.

நீங்க கிணத்தை விட்டுப்போட்டு வேற எழுதுங்க. பங்காளிக இருக்கற வரைக்கும் கிணத்துல நகைச்சுவை கிடையாதுங்.

கோபி, ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்: பதிவுகள் அப்படியே இருக்கின்றன. பின்னூட்டங்களை மட்டும் காணோம்.

நடுவுல கூகுள் பிளஸ் பின்னூட்டத்துக்கு மாத்தியிருப்பீங்க. ஃபேஸ்புக் மாதிரி கூகுள் நடத்துன தளம் அது. 2019-ல பிளஸை மூடுனப்ப அதுவும் போயிருச்சு. திரும்ப வராதுங்க.

கோவை, கல்லூரி முடித்தவர்: அண்ணா, பழசைப் படித்தால் கூச்சமாக இருக்கிறது. அழித்துவிடட்டுமா?

வேண்டாம் தம்பி. வலைப்பூ வெச்சிருக்கற கூகுளோட பிளாக்கர் தளத்துல அமைப்புகளுக்குள்ள போயி காப்புக் கோப்பு எடுத்து வெச்சுக்க. படம் அதுல வந்துச்சான்னு பாரு, வராட்டி தனியா இறக்கிக்க. அப்புறம் வேணும்னா உன் கண்ணுக்கு மட்டும் தெரியற மாதிரி மாத்திக்க. ரெண்டு வருசத்துக்கு ஒருக்காவாவது அந்தக் கணக்குல நுழைஞ்சு பாரு. அதுக்கு மேல தொடாம கிடந்தா கூகுளே கணக்கை நீக்கிப்போடலாம். கூச்சத்துக்கு மருந்து எங்கிட்ட இல்லை. எனக்கே 2009-ல எழுதுன கவிதை நாலு இருக்குது.

பவானி, ஜமக்காளக் கடை: எல்லாருக்கும் சொல்றீங்களே, நீங்க ஏனுங்க நிறுத்துனீங்க?

எங்க அப்பாரு கீழ்பவானி வாய்க்கால் வெட்டற வேலைக்குப் போனவரு. அதுக்குத் தண்ணி விடற பவானிசாகர் அணை 1955-ல முடிஞ்சுது. அவரு சொல்லச் சொல்ல மூணு பகுதி எழுதி, கீழ "தொடரும்"னு போட்டேன். வாய்க்கால்ல மொதத் தண்ணி வந்த நாளை நாலாவதுக்குச் சொல்றேன்னாரு. ஆடி போகட்டும், அறுப்பு முடியட்டும்னு நானும் தள்ளிப் போட்டேன். தை மாசம் அவரு போயிட்டாரு. அந்தத் "தொடரும்" இன்னும் அங்கயேதான் கிடக்குதுங்க.