முதலில் பிஎச்பியிடமே கேளுங்கள்

பட்டர்வொர்த் வாசகர்: ஆலய நன்கொடையாளர் பட்டியலுக்காக அலுவலகக் கணினியில் பக்கங்களைப் பரிமாறும் அப்பாச்சி, நிரல்மொழியான பிஎச்பி, தரவுத்தளமான மைஎஸ்கியூஎல் மூன்றையும் தனித்தனியே நிறுவினேன். விண்டோஸ் கணினி. பக்கத்தைத் திறந்தால், பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு பேச வைக்கும் மைஎஸ்கியூஎல்ஐ இணைப்பே இல்லை என்கிறது. அமைப்புக் கோப்பில் அந்த வரிக்கு முன்னால் இருந்த அரைப்புள்ளியை எடுத்துவிட்டேன், கணினியையும் இரண்டு முறை அணைத்துப் போட்டுவிட்டேன்.

அரைப்புள்ளியை எடுத்தது சரி, அது இருந்தால் அந்த வரி வேலை செய்யாது. எந்தக் கோப்பில் எடுத்தீர்கள்? பிஎச்பியின் ஜிப்பைப் பிரித்தால் பிஎச்பி.ஐஎன்ஐ என்ற அமைப்புக் கோப்பு வராது. அதே பெயருக்கு டெவலப்மென்ட், புரொடக்‌ஷன் என்று வால் முளைத்த இரண்டு மாதிரிகள்தாம் இருக்கும். முதலாவதை நகலெடுத்து வாலை நறுக்க வேண்டும். நோட்பேடில் சேமித்தால் இன்னொரு கண்ணி காத்திருக்கிறது: பெயருக்குப் பின்னால் டிஎக்ஸ்டி ஒட்டிக்கொள்ளும், விண்டோஸ் அதை மறைத்து வைக்கும். நான் இதில் அரை நாளைத் தொலைத்தவன்.

ஆகவே ஊகிக்காதீர்கள், பிஎச்பியிடமே கேளுங்கள். பிஎச்பிஇன்ஃபோ என்ற ஒரே கட்டளை கொண்ட பக்கத்தை எழுதி உலாவியில் திறந்து, 'லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்' என்ற வரியைப் பாருங்கள். அங்கே 'நன்' (எதுவுமில்லை) என்றிருந்தால், நீங்கள் திருத்திய கோப்பை அது சீந்தவே இல்லை. கட்டளைத் திரையில் ஓடும் பிஎச்பி தன் கோப்புறையிலேயே கிடக்கும் கோப்பை எடுத்துக்கொள்ளும். அப்பாச்சிக்குள் ஓடும்போது அங்கே தேடாது. கட்டளைத் திரையில் ஓடுவது உலாவியில் படுத்துவிடுவது இதனால்தான். அப்பாச்சியின் அமைப்புக் கோப்பில் பிஎச்பிஐஎன்ஐடிர் என்று ஒரு வரி சேர்த்து, பிஎச்பி இருக்கும் கோப்புறையைக் காட்டுங்கள். எக்ஸ்டென்ஷன்டிர் வரியில் எக்ஸ்ட் கோப்புறையின் முழுப் பாதையைக் கொடுங்கள். பிறகு அப்பாச்சியை நிறுத்தித் தொடங்கினால் போதும், கணினியை அணைக்க வேண்டியதில்லை. அதே பக்கத்தில் மைஎஸ்கியூஎல்ஐ என்ற தலைப்பு முளைத்திருந்தால் இணைப்பு வந்துவிட்டது.

செந்தூல் மாணவி: அண்ணனின் பழைய பாடநூலில் உள்ள, தரவுத்தளத்தோடு இணைக்கும் மைஎஸ்கியூஎல்_கனெக்ட் கட்டளை ஓடவில்லை. பழைய பிஎச்பியைத் தேடி நிறுவலாமா?

வேண்டாம். 2015 டிசம்பரில் வந்த பிஎச்பி 7-இலேயே அதை எடுத்துவிட்டார்கள். மைஎஸ்கியூஎல்ஐ அல்லது அதே வேலையைச் செய்யும் பிடிஓ கற்றுக்கொள்ளுங்கள். படிவத்தில் வரும் பெயரை அப்படியே தரவுத்தளத்துக்குக் கட்டளையிடும் எஸ்கியூஎல் வரியில் ஒட்டும் பழக்கமும் அந்த நூலில் இருக்கும், அதையும் விடுங்கள். டி'குரூஸ் என்று ஒருவர் பதிந்தாலே அந்த ஒற்றைக் குறி வரியை உடைத்துவிடும். விஷமி ஒருவர் பதிந்தால் அட்டவணையே போய்விடலாம்.

பாயான் லெப்பாஸ் வாசகர்: வீட்டுச் சமையல் ஆர்டர்களை, அப்பாச்சி, பிஎச்பி எல்லாம் ஒன்றாக வரும் ஸாம்ப் தொகுப்பை வைத்துப் பதிகிறோம். ஜூலையில் அதிகாலை 5 மணி ஆர்டர் முந்திய நாள் இரவு 11 மணி என்று விழுந்தது. டிசம்பரில் அதே 5 மணி, இரவு 10 என்று விழுகிறது. மனைவி என்னைத்தான் சந்தேகப்படுகிறார்.

உங்கள் மீது பிழையில்லை. உங்கள் பிஎச்பி பினாங்கில் இல்லை, பெர்லினில் உட்கார்ந்திருக்கிறது. ஸாம்ப் பிறந்தது ஜெர்மனியில். அதன் ஐஎன்ஐ கோப்பில் நேர வலயம் ஐரோப்பா/பெர்லின் என்றே வரும். அங்கே கோடையில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளுவதால், வித்தியாசம் கோடையில் 6 மணி, மற்ற மாதங்களில் 7 மணி. டேட்.டைம்ஸோன் வரியில் பெர்லினை எடுத்துவிட்டு ஏசியா/கோலாலம்பூர் என்று ஆங்கிலத்தில் இடுங்கள், இரண்டு சொற்களான ஊர்ப்பெயரின் நடுவே அடிக்கோடு வேண்டும். நம் கடிகாரம் உலக நேரத்துக்கு 8 மணி முன்னே போனது 1982 ஜனவரி 1-இல்தான், அதற்கு முன் ஏழரை. ஜாதக மென்பொருள் எழுதுகிறவர்கள் இந்த அரை மணியை மறந்தால் லக்கினமே தப்பிவிடும்! உங்கள் குழம்புக்கு அந்தக் கவலை இல்லை.

ஆனால் ஏற்கெனவே பதிந்த நேரங்கள் தாமாகத் திருந்தா. அவற்றை நீங்கள்தான் திருத்த வேண்டும்.

பிரிக்பீல்ட்ஸ் வாசகர்: டியூஷன் மாணவர்களின் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாகத் தெரிகின்றன.

பழைய அட்டவணையாக இருக்கும். எழுத்துத் தொகுதி, தமிழ் எழுத்துகளே இல்லாத லத்தீன்1 என்றிருக்கிறதா பாருங்கள். அட்டவணையை, தமிழும் அடங்கிய யூடிஎஃப்8எம்பி4-க்கு மாற்றுங்கள், பிஎச்பி தரவுத்தளத்தோடு இணைந்தவுடன் அதே தொகுதியைச் சொல்லிவிடுங்கள். இரண்டாவதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். கேள்விக்குறியாகவே பதிந்துவிட்ட பெயர்கள் திரும்பி வரா, மீண்டும் தட்டச்சு செய்யுங்கள்.

இன்னொன்று. 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அ, ம, புள்ளி, ம, கால் என ஐந்து. ஒவ்வொன்றுக்கும் 3 பைட், ஆக 15. நீளத்தை அளக்கும் பிஎச்பியின் சாதாரண ஸ்டர்லென் 15 என்றே சொல்லும். நீண்ட பெயர்களைப் பத்து பைட்டில் வெட்டினால் எழுத்தின் நடுவில் கத்தி விழும்.

பத்துமலை வாசகர்: இடி மழையில் மின்சாரம் போனதிலிருந்து ஸாம்ப்பில் மைஎஸ்கியூஎல் எழுந்திருக்கவில்லை. ஐபிடேட்டா1 கோப்பை அழித்தால் சரியாகும் என்கிறார் நண்பர்.

அழிக்காதீர்கள்! அட்டவணைகளைப் பற்றிய குறிப்புகள் அதில்தான் இருக்கின்றன. அது போனால், மைஎஸ்கியூஎல் எழுந்தாலும் உங்கள் அட்டவணைகள் திறக்கா. முதலில் மைஎஸ்கியூஎல்லின் டேட்டா கோப்புறையை முழுதாக வேறிடத்துக்கு நகலெடுங்கள். பிறகு அதே கோப்புறையில் எரர் என்று பெயர் முடியும் பதிவுக் கோப்பைத் திறந்து, கடைசி இருபது வரிகளை எனக்கு அனுப்புங்கள். நண்பரின் யோசனை அதுவரை காத்திருக்கட்டும்.