மேகம் கீழே இறங்கும் வரை

வணக்கம் அக்கா,

மே மாதம் குடும்பத்தோடு கோடைக்கானல் போனோம். ஒரு ராத்திரிதான் தங்கினோம். மதியம் மூன்று மணிக்கு வியூ பாயிண்டில் நின்றால் எதிரே வெறும் வெள்ளை. அன்று பௌர்ணமி வேறு. லாட்ஜ் மாடியிலிருந்து பார்த்தால் பத்து நட்சத்திரம்கூடத் தேறவில்லை. போனில் பார்க்கிற படங்களில் பால்வீதி ஆறு மாதிரி ஓடுகிறதே, அது எங்கே என்று மகள் கேட்டாள். அடுத்த முறை இன்னும் உயரமாக, தொட்டபெட்டாவுக்கே போய்விடலாமா? எந்தச் சிகரம் சரியாக இருக்கும்?

செ., சாத்தூர்

அன்புள்ள தம்பி,

உங்கள் மகளின் கேள்வி மனதில் நின்றுவிட்டது. அதனால் கையோடு எழுதுகிறேன்.

தொட்டபெட்டா 2637 மீட்டர், நீலகிரியிலேயே உயர்ந்தது. பகலில் கட்டாயம் போங்கள். ஆனால் சாயங்காலம் கேட்டை மூடிவிடுவார்கள். அங்கே இருக்கும் தொலைநோக்கியும் பள்ளத்தாக்கையும் ஊர்களையும் காட்டுவதற்குத்தான். அப்புறம், உயரம் கூடக் கூட நட்சத்திரம் கூடும் என்று நினைக்க வேண்டாம். கோடைக்கானலில் 1899-லேயே தொடங்கிய சூரிய ஆய்வுக்கூடம் 2343 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சூரியப் புள்ளிகளில் வாயு வெளிப்பக்கமாகப் பாய்வதை 1909-ல் வானியலாளர் எவர்ஷெட் கண்டறிந்தது அங்கேதான். பின்னாளில் அதே ஆய்வுக்கூடத்துக்குப் பொறுப்பேற்ற வானியலாளர் வைணு பாப்பு, இரவு வானத்தைப் பார்க்க இடம் தேடியபோது ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்தார். அதன் உயரம் சுமார் 725 மீட்டர்தான்.

நீங்கள் பார்த்த வெள்ளைக்கு வருகிறேன். வெயில் ஏற ஏற மலைச்சரிவு சூடாகிறது. அந்தக் காற்று சரிவோடு மேலேறிக் குளிர்ந்து மேகமாகிறது. மதியத்துக்குள் மேகம் விளிம்புக்கு வந்து சேர்ந்துவிடும். மூன்று மணிக்குப் போனால் நாம் மேகத்துக்குள்ளேதான் நிற்போம். இரவில் இது தலைகீழ். மலை குளிர்ந்து, கனத்த காற்று பள்ளத்துக்கு இறங்குகிறது. பல நாட்களில் மேகமும் அதோடு இறங்கிக் கீழே படுத்துக்கொள்ளும். அதனால்தான் விடிகாலையில் போகிறவர்களுக்கு மட்டும் காலடியில் மேகக்கடல் தெரிகிறது.

ஒருமுறை கோடைக்கானல் பக்கத்தில் வட்டக்கானலில் தோழி வீட்டில் தங்கியிருந்தேன். பிப்ரவரி, அமாவாசைக்கு மறுநாள். ஏழு மணிக்கு வாசலில் நின்றால் கீழே பெரியகுளம், அதைத் தாண்டித் தேனி வரைக்கும் விளக்குகள். அழகுதான், ஆனால் அந்த வெளிச்சத்தில் தெற்கு வானத்தின் அடிப்பகுதி வெளுத்துக் கிடந்தது. பத்து மணிக்கு மேல் பள்ளத்தில் மேகம் நிறைந்தது. ஊர்கள் ஒவ்வொன்றாக அணைந்த மாதிரி மறைந்தன. மேலே வானம் கறுத்தது. தெற்கே அகத்திய நட்சத்திரம் அவ்வளவு பிரகாசமாக இருந்தது. இரண்டு மணிக்குத் தோழி என்னை உலுக்கி எழுப்பி, சிலுவை மாதிரி இருக்கும் திரிசங்கு நட்சத்திரக் கூட்டத்தைக் காட்டினாள். சாயங்காலம் எந்த மேகத்தைத் திட்டினேனோ, அதுதான் கீழே கிடந்து ஊர் வெளிச்சத்தை எங்களுக்காக மறைத்துக்கொண்டிருந்தது.

அதனால் சிகரத்தைத் தேட வேண்டாம். ராத்திரியில் சிகரம் ஏற அனுமதியும் கிடையாது, காட்டுமாடு நடமாடும் பாதைகள் அவை. பூம்பாறை, மன்னவனூர் பக்கம், டவுன் வெளிச்சத்துக்கு எட்டாத ஒரு வீட்டில் இரண்டு ராத்திரி தங்குங்கள். மொட்டை மாடியோ முற்றமோ போதும். ஒரு ராத்திரி என்றால் மேகத்தோடு சூதாடுகிற மாதிரி. மலைக்கு வண்டியில் போக வேண்டிய இ-பாஸ் மட்டும் முன்னாலேயே எடுத்துக்கொள்ளுங்கள்.

நாள் குறிக்க நம் பஞ்சாங்கமே போதும். மகா சிவராத்திரி அமாவாசைக்கு முந்தின இரவை ஒட்டியே வரும். மாசி மாதம், மழைக்காலம் முடிந்திருக்கும், நிலா தொந்தரவு இல்லை. விழித்திருக்க வேறு காரணமும் இருக்கிறது. இருட்டியதும் விளக்கை அணைத்துவிட்டு அரைமணி நேரம் போனைத் தொடாமல் உட்காருங்கள், கண் இருட்டுக்குப் பழக அவ்வளவு நேரம் வேண்டும். முதலில் உச்சிக்கு அருகே சிவப்பாகத் திருவாதிரையைக் காட்டுங்கள். சிவனுக்குரிய நட்சத்திரம் என்று சொன்னால் குழந்தை மறக்கமாட்டாள். துருவ நட்சத்திரம் நம் ஊரில் பத்துப் பாகை உயரத்தில்தான் நிற்கும், கையை நீட்டிப் பிடித்தால் ஒரு முஷ்டி அளவு. வடக்கே மலை இருந்தால் தெரியாது.

அவள் கேட்ட பால்வீதி ஆறு, மாசியில் விடிவதற்கு முன்னால்தான் வரும். நாலரை மணிக்கு எழுப்பி, கம்பளியோடு தூக்கிக்கொண்டு வந்து தென்கிழக்கே பார்க்கச் சொல்லுங்கள். விருச்சிகத்தின் வால் பக்கம்தான் அது அகலமாக இருக்கும். போன் படத்தில் இருக்கிற நிறம் கண்ணுக்குத் தெரியாது, சாம்பல் பூசிய மாதிரி மங்கலாக, மெல்லிய புகை போல இருக்கும். இதை முதல் நாளே அவளிடம் சொல்லிவைத்துவிடுங்கள்.

அன்புடன்,
அக்கா